ஐந்தாவது எண்: சிதம்பரத்துக் கேள்வியும் பதினெட்டு இலக்கப் பகா எண்ணும்

401 429 925 999 153 707. நாலாயிரம் கோடி கோடியைச் சற்றே தாண்டிய இந்த எண் ஒரு பகா எண். 1-ஐயும் தன்னையும் தவிர வேறெந்த எண்ணாலும் இது மீதியின்றி வகுபடாது. பகா எண்களுக்கு முடிவில்லை என்பது யூக்ளிட் காலத்திலேயே நிறுவப்பட்டுவிட்டது. பதினெட்டு இலக்கம் கொண்ட பகா எண்கள் மட்டுமே 221 கோடி கோடிக்கு மேல் இருக்கின்றன. அத்தனை பெரிய கூட்டத்தில் இந்த ஒன்றை மட்டும் பெயர் சொல்லி அழைக்கும்படி செய்தது, 1930-இல் சிதம்பரத்தில் எழுந்த ஒரு கேள்வி.

பெரிய பகா எண் என்றதும் செய்தித்தாள்களுக்கு நினைவுக்கு வருவது சாதனைப் பட்டியல்தான். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 அந்தப் பட்டியலின் தலைமையில் நிற்கிறது. அதில் 4,10,24,320 இலக்கங்கள். நாளை அதைவிடப் பெரியது கிடைத்தால் இது இரண்டாம் இடத்துக்குப் போகும். நம்முடைய பதினெட்டு இலக்க எண்ணின் கதை வேறு. அதன் இடம் அளவால் வந்ததல்ல. ஒரு கேள்விக்கு விடையாக வந்தது. அந்த இடத்தை இனி எந்தக் கணினியும் பறிக்க முடியாது.

அண்ணாமலைநகரில் ஒரு விரிவுரையாளர்

கேள்வியைக் கேட்டவர் சுப்பய்யா சிவசங்கரநாராயண பிள்ளை. கணித உலகில் எஸ்.எஸ். பிள்ளை. 1901-இல் பிறந்தவர். நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியிலும் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியிலும் படித்தார். பிறகு ஆராய்ச்சி உதவித்தொகை பெற்றுச் சென்னைக்கு வந்து, கே. ஆனந்த ராவ், ஆர். வைத்தியநாதசுவாமி ஆகியோரின் வழிகாட்டலில் எண் கோட்பாட்டில் இறங்கினார். ஆனந்த ராவ் கேம்பிரிட்ஜில் ஹார்டியிடம் பயின்றவர். இராமானுஜன் அங்கிருந்த காலத்தில் தானும் அங்கே இருந்தவர். இராமானுஜன் மறைந்த பத்தாண்டுக்குள் பிள்ளை அதே துறையில் எழுதத் தொடங்கியதற்குச் சென்னையில் உருவாகியிருந்த இந்தத் தொடர்பு ஒரு காரணம்.

1929-இல் அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்துச் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அதே ஆண்டில் பிள்ளை அங்கே விரிவுரையாளராகச் சேர்ந்தார். 1941 வரை அங்கேதான் இருந்தார். அவருடைய முக்கியமான ஆய்வுகளில் பெரும்பகுதி இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் விளைந்தது. கணிதத்துறை புதிதாக இருந்தாலும் சோம்பிக் கிடக்கவில்லை. இந்தியக் கணிதவியல் சங்கம் தொடங்கிய 'மேத்தமேட்டிக்ஸ் ஸ்டூடண்ட்' இதழின் முதல் ஆசிரியரான ஏ. நரசிங்க ராவ் அங்கே பேராசிரியராக இருந்தார். பகுப்பாய்வில் பெயர் பெற்ற வி. கணபதி ஐயரும் அந்தத் துறையைச் சேர்ந்தவரே.

பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே வந்த ஆய்விதழில் பிள்ளை பகா எண்களைப் பற்றிய ஒரு புதிய சார்பை அறிமுகப்படுத்தினார். அந்தக் கட்டுரைக்குரிய ஆண்டு 1930. அதில் அடங்கிய கேள்வியை ஆறாம் வகுப்பு மாணவருக்கும் சொல்லிப் புரியவைக்கலாம்.

எடுக்க முடிந்த மிகப் பெரியதை எடு

கடைக்காரர் 86 ரூபாய் மீதி தரும்போது முதலில் ஐம்பது, பிறகு இருபது, பத்து, ஐந்து, ஒன்று என்று தருவார். ஒவ்வொரு முறையும் எடுக்க முடிந்த மிகப் பெரிய தாளையோ நாணயத்தையோ எடுப்பதுதான் அவர் கைப்பழக்கம். பிள்ளை அந்த முறையைப் பகா எண்களுக்குப் பொருத்தினார்.

ஏதேனும் ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டாத மிகப் பெரிய பகா எண்ணைக் கண்டுபிடித்துக் கழியுங்கள். மீதம் வந்த எண்ணுக்கும் அதையே செய்யுங்கள். மீதம் பூஜ்யமானாலோ ஒன்றானாலோ நிறுத்திவிடலாம். ஒன்று மிஞ்சினால் அதையும் ஒரு துண்டாகக் கணக்கில் சேர்க்க வேண்டும். மொத்தம் எத்தனை துண்டுகள் தேவைப்பட்டன என்பதே பிள்ளையின் சார்பு.

100-க்கு இரண்டு துண்டுகள் போதும்: 97 + 3. 122-க்கு மூன்று: 113 + 7 + 2. 1000-க்கு இரண்டு: 997 + 3. எண்களைப் பெரிதாக்கிக்கொண்டே போனாலும் இரண்டும் மூன்றுமாகவே வந்துகொண்டிருக்கும். ஆயிரம் எண்களைச் சோதித்தவர், மூன்றுக்கு மேல் துண்டுகள் தேவைப்படாது என்று முடிவு கட்டிவிடக்கூடும். அது தவறான முடிவு. துண்டுகளின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பே கிடையாது. எத்தனை துண்டுகள் கேட்டாலும் அத்தனையும் தேவைப்படும் எண் எங்கோ ஓரிடத்தில் இருக்கிறது.

அப்படியானால் ஒரு துண்டு, இரண்டு, மூன்று, நான்கு என்று ஒவ்வொன்றும் முதன்முதலில் எந்த எண்ணில் தேவைப்படுகிறது? விடை ஒரு வரிசையாக வருகிறது: 1, 4, 27, 1354, 401429925999155061. கணித உலகில் இதற்குப் பிள்ளை வரிசை என்று பெயர். இதுவரை தெரிந்தவை இந்த ஐந்து உறுப்புகள் மட்டுமே.

முதல் நான்கைக் கையாலேயே சரிபார்க்கலாம். 4 = 3 + 1. 27 = 23 + 3 + 1. 1354 = 1327 + 23 + 3 + 1. ஐந்தாவது உறுப்பை எழுதும்போதுதான் நம் பதினெட்டு இலக்கப் பகா எண் மேடைக்கு வருகிறது: 401429925999155061 = 401429925999153707 + 1327 + 23 + 3 + 1. கூட்டிப் பார்த்தால் கணக்கு இம்மியும் பிசகாது.

இடைவெளிதான் விஷயம்

நான்காவது உறுப்பு நான்கு இலக்கத்திலும் ஐந்தாவது பதினெட்டு இலக்கத்திலும் இருப்பதற்குக் காரணம், அடுத்தடுத்த இரு பகா எண்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி.

ஓர் எண்ணுக்கு மூன்று துண்டுகள் தேவை என்றால், முதல் பகா எண்ணைக் கழித்த பிறகு வரும் மீதத்துக்கு இரண்டு துண்டுகள் தேவைப்பட வேண்டும். இரண்டு துண்டுகள் தேவைப்படும் எண்களில் மிகச் சிறியது 4. ஆகவே மீதம் குறைந்தது 4 ஆக இருக்க வேண்டும். மீதம் 4 வர வேண்டுமானால், ஒரு பகா எண்ணுக்குப் பின் நான்கு எண்கள் வரை வேறு பகா எண் குறுக்கிடக் கூடாது. அந்த அளவுக்கு இடம் விட்டு நிற்கும் முதல் பகா எண் 23. அதற்கு அடுத்தது 29. எனவே 23 + 4 = 27.

இதே தர்க்கத்தை அடுத்த படிக்கு நீட்டுங்கள். இப்போது இடைவெளி 27-ஐத் தாண்ட வேண்டும். 113-க்கும் 127-க்கும் நடுவே 14, 887-க்கும் 907-க்கும் நடுவே 20, 1129-க்கும் 1151-க்கும் நடுவே 22. எதுவும் போதவில்லை. 1327-க்கு அடுத்த பகா எண் 1361, இடைவெளி 34. அங்கே இடம் கிடைக்கிறது. 1327 + 27 = 1354.

அடுத்த படியில் 1354-ஐத் தாண்டும் இடைவெளி வேண்டும். இரண்டுக்கு மேற்பட்ட பகா எண்கள் எல்லாம் ஒற்றைப்படை என்பதால் அவற்றுக்கிடையே உள்ள இடைவெளி இரட்டைப்படையாகவே இருக்கும். ஆக 1356-ஆவது வேண்டும். எண் வரிசையில் அந்த அளவு இடைவெளி முதன்முதலில் தென்படும் இடம்தான் 401429925999153707. அதற்கு அடுத்த பகா எண் 401429925999155063. இடைவெளி மிகச் சரியாக 1356. அதாவது, தேவையான குறைந்தபட்ச இடமே கிடைத்தது. பிள்ளை வரிசையின் ஐந்தாவது உறுப்பு அந்த இடைவெளியின் கடைக்கோடியில், அடுத்த பகா எண்ணுக்கு இரண்டே எண்கள் முன்னால் நிற்கிறது.

இந்த இடைவெளி எவ்வளவு அபூர்வமானது என்பதை ஒரு சராசரியோடு ஒப்பிட்டு அறியலாம். ஓர் எண்ணின் அருகில் பகா எண்களின் சராசரி இடைவெளி, அந்த எண்ணின் இயல் மடக்கைக்குக் கிட்டத்தட்டச் சமம் என்கிறது பகா எண் தேற்றம். 1896-இல் அடமாரும் டி லா வல்லே புசானும் தனித்தனியே நிறுவிய தேற்றம் அது. நம் எண்ணின் அருகில் அந்தச் சராசரி 40.5. ஏறக்குறைய நாற்பது எண்களுக்கு ஒரு பகா எண் வர வேண்டிய வட்டாரத்தில், தொடர்ந்து 1355 எண்கள் பகு எண்களாகவே வருகின்றன. சராசரியைப் போல முப்பத்து மூன்று மடங்கு. அதற்கு முன்னால் உள்ள எல்லா எண்களிலும் இவ்வளவு நீண்ட இடைவெளி கிடையாது.

எண் வரிசையை முதலிலிருந்து சலித்துப் பார்த்தால் அன்றி இது தெரியவராது. இந்த நூற்றாண்டில் கணினிகளைக் கொண்டு நடந்த தேடல்கள் அந்த வேலையைச் செய்தன. தொமாஸ் ஒலிவேரா இ சில்வா, சிக்ஃப்ரீட் ஹெர்சோக், சில்வியோ பார்டி ஆகியோர் கோல்ட்பாக் ஊகத்தை 4 × 10¹⁸ வரை சரிபார்த்தபோது, அந்த எல்லைக்குள் உள்ள பகா எண் இடைவெளிகள் முழுவதும் அலசப்பட்டன. நம் எண் அந்த எல்லையில் பத்தில் ஒரு பங்குத் தொலைவிலேயே இருப்பதால், அதன் இடத்தில் ஐயத்துக்கு வழியில்லை.

அந்த எண்ணின் குணங்கள்

இடைவெளியை விட்டுவிட்டு எண்ணையே திருப்பிப் பார்த்தாலும் சில செய்திகள் கிடைக்கின்றன.

முதலாவது, இது பகா எண்தான் என்று எப்படி அறிவது? பள்ளியில் கற்ற முறைப்படி அதன் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். வர்க்கமூலம் 63 கோடிக்கு மேல். அதற்குள் மூன்று கோடிக்கு மேற்பட்ட பகா எண்கள் உள்ளன. கையால் நடக்காத காரியம். 1976-இல் கேரி மில்லரும் 1980-இல் மைக்கேல் ராபினும் உருவாக்கிய சோதனை இந்த வேலையைச் சுருக்குகிறது. ஃபெர்மாவின் சிறு தேற்றத்தைக் கூர்மையாக்கியது அது: ஓர் அடியெண்ணைக் குறிப்பிட்ட அடுக்குக்கு உயர்த்தி, சோதிக்கப்படும் எண்ணால் வகுத்து மீதியைப் பார்க்கிறது. 3.8 × 10¹⁸ வரையுள்ள எந்த எண்ணுக்கும் 2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23 என்ற ஒன்பது அடியெண்களில் தேறினால் போதும்; அது பகா எண்ணே என்று உறுதியாகச் சொல்லலாம். மூன்று கோடி வகுத்தல்களின் இடத்தில் ஒன்பது சோதனைகள்.

இரண்டாவது, இந்த எண்ணை 4-ஆல் வகுத்தால் மீதி 3. கடைசி இரண்டு இலக்கமான 07-ஐப் பார்த்தே இதைச் சொல்லிவிடலாம். அப்படிப்பட்ட பகா எண் எதையும் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியாது என்பது ஃபெர்மா கண்ட உண்மை. 13 = 9 + 4 என்பதைப் போல இதை எழுத எவ்வளவு முயன்றாலும் முடியாது. கடைசி மூன்று இலக்கமான 707-ஐ 8-ஆல் வகுத்தாலும் மீதி 3 வருகிறது. லெழாந்தரும் காவுஸும் தந்த விதிப்படி, அத்தகைய எண்ணை மூன்று வர்க்கங்களின் கூட்டலாக நிச்சயம் எழுதலாம். இரண்டு போதாது, மூன்று போதும்.

மூன்றாவது குணம் பிள்ளையின் இன்னொரு சார்போடு தொடர்புடையது. 1933-இல் அதே அண்ணாமலைப் பல்கலைக்கழக இதழில் அவர் வேறொரு கணக்கை எழுப்பினார். ஓர் எண்ணை எடுத்து, 1 முதல் அந்த எண் வரையுள்ள ஒவ்வொன்றோடும் அதற்குள்ள மீப்பெரு பொது வகுத்தியைக் கண்டு, எல்லாவற்றையும் கூட்டினால் என்ன வரும்? இன்று இது பிள்ளை சார்பு என்றே அழைக்கப்படுகிறது. 6-க்கு: 1 + 2 + 3 + 2 + 1 + 6 = 15. பகா எண்ணுக்கோ விடை மிக எளிது. தனக்குக் கீழுள்ள எதனோடும் அதற்கு 1-ஐத் தவிரப் பொது வகுத்தி இல்லை, தன்னோடு தானே. ஆகவே விடை, எண்ணின் இரு மடங்கில் ஒன்று குறைவு. நம் எண்ணுக்கு 802859851998307413. ஆயிரம் கோடி கோடிக் கணக்கான உறுப்புகளைக் கூட்ட வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கலும் ஒரு கழித்தலும்.

நான்காவது, அந்த நீண்ட இடைவெளிக்குள் இருக்கும் 1355 பகு எண்களைப் பற்றியது. 1940-இல் பிள்ளை, தொடர்ச்சியான எண்களைப் பற்றி ஓர் அழகான முடிவை நிறுவினார். பதினாறோ அதற்குக் குறைவாகவோ தொடர்ச்சியான எண்களை எங்கிருந்து எடுத்தாலும், அவற்றுள் ஒன்றாவது மற்ற எல்லாவற்றோடும் சார்பகா எண்ணாக இருக்கும். அதாவது, மற்ற எவற்றோடும் அதற்குப் பொதுக் காரணி இருக்காது. பதினேழுக்கு இது பொய்த்துவிடுகிறது. 2184 முதல் 2200 வரை உள்ள பதினேழு எண்களில் ஒவ்வொன்றும் இன்னொன்றோடு ஏதாவது ஒரு காரணியைப் பகிர்ந்துகொள்கிறது: 2197 என்பது 13-இன் கனம், 2184-லும் 13 உண்டு, 2189-க்கும் 2200-க்கும் 11 பொது. முடிவு இப்படிப் பொய்ப்பதைப் பிள்ளை 17 முதல் 430 வரையான நீளங்களுக்கு நிறுவ, ஆல்ஃப்ரெட் பிரவுவர் அதற்கப்பாலும் நீட்டினார். இந்த முடிவை நம் இடைவெளியில் பொருத்திப் பாருங்கள். உள்ளே இருப்பவை அனைத்தும் பகு எண்கள். ஆயினும் அங்கே எந்தப் பதினாறு எண்களை வரிசையாக எடுத்தாலும், பக்கத்தில் உள்ள பதினைந்தோடும் ஒட்டாமல் நிற்கும் ஓர் எண் இருந்தே தீரும்.

ஆறாவது எண் எங்கே?

வரிசையின் ஆறாவது உறுப்பு இருக்கிறது என்பது உறுதி. அதை நிறுவ ஒரு பழைய உத்தி போதும். ஓர் எல்லை வரையுள்ள பகா எண்கள் எல்லாவற்றையும் பெருக்கி, அந்தப் பெருக்குத்தொகையோடு 2, 3, 4 என்று எல்லை வரை கூட்டிக்கொண்டே போங்கள். வரும் எண் ஒவ்வொன்றும் ஏதாவதொரு சிறிய பகா எண்ணால் வகுபடும். ஆகவே எவ்வளவு நீளமான இடைவெளி கேட்டாலும் செய்து தரலாம். 401429925999155061-ஐத் தாண்டும் இடைவெளியையும் இப்படிச் செய்யலாம். ஆனால் அந்தப் பெருக்குத்தொகையில் சுமார் 1,700 கோடி கோடி இலக்கங்கள் இருக்கும்.

முதல் இடைவெளி அவ்வளவு தொலைவில் இருக்க வேண்டியதில்லை. 1936-இல் சுவீடன் நாட்டுக் கணிதவியலாளர் ஹரால்ட் க்ராமர் ஓர் ஊகத்தை முன்வைத்தார்: ஓர் எண் வரை காணப்படும் மிக நீண்ட இடைவெளி, அந்த எண்ணின் இயல் மடக்கையின் வர்க்கத்தை ஒட்டியே இருக்கும். இன்றுவரை நிறுவப்படாத ஊகம் அது. இருந்தாலும் அளந்து பார்க்க உதவும். 1354-ஐத் தாண்டும் இடைவெளிக்குப் பதினாறு இலக்கம் வரை போக வேண்டும் என்று அது கணிக்கிறது. உண்மையில் பதினெட்டு வரை போக நேர்ந்தது. கணிப்பு அதிகம் விலகவில்லை. அதே அளவுகோலை ஆறாவது உறுப்புக்கு வைத்தால், தேவைப்படும் பகா எண் சுமார் 27 கோடி இலக்கங்கள் கொண்டதாக இருக்கும்.

இன்று மனிதருக்குத் தெரிந்த மிகப் பெரிய பகா எண்ணுக்கு நாலு கோடி இலக்கம்தான். அதைப்போல ஆறு மடங்குக்கு மேல் நீளமான எண் இது. அதுவும் அந்தச் சாதனை எண் 2-இன் அடுக்கில் ஒன்று குறைந்த தனி வடிவம் கொண்டது. அந்த வடிவத்துக்கென்றே விரைவான சோதனை இருப்பதால்தான் கண்டுபிடிக்க முடிந்தது. பிள்ளையின் ஆறாவது உறுப்புக்கு அப்படி எந்த வடிவமும் கிடையாது. ஒரு பகா எண்ணைக் கண்டால் மட்டும் போதாது. அதற்கு அடுத்த நாலாயிரம் கோடி கோடி எண்களும் பகு எண்களே என்று காட்ட வேண்டும். அதற்கு முன்னால் எங்கும் அப்படியோர் இடைவெளி வரவில்லை என்றும் காட்ட வேண்டும். தெரிந்த எந்த முறையாலும் இது கைகூடாது.

எண்ணைக் கண்டுபிடிக்க முடியாவிட்டாலும் சார்பின் வளர்ச்சியைப் பற்றிச் சொல்ல முடியும். ஓர் எண்ணுக்கும் அதன் பாதிக்கும் நடுவே ஒரு பகா எண்ணாவது இருக்கும் என்று செபிஷேவ் 19-ஆம் நூற்றாண்டிலேயே நிறுவினார். ஆகவே ஒவ்வொரு கழித்தலிலும் மீதம் பாதிக்கும் கீழே இறங்குகிறது. பதினெட்டு இலக்க எண்ணுக்கு அறுபது துண்டுகள் கூடத் தேவைப்படாது. பிள்ளை கட்டுரை எழுதிய அதே 1930-இல் ஜெர்மனியில் குய்டோ ஹோஹைசல், இடைவெளி எண்ணைவிட மெதுவாக, ஒன்றுக்குக் குறைந்த ஓர் அடுக்கின் அளவிலேயே வளர்கிறது என்று காட்டினார். 2001-இல் பேக்கர், ஹார்மன், பின்ட்ஸ் மூவரும் அந்த அடுக்கை 0.525 வரை இறக்கினர். இதன் பொருள், எண் போதிய அளவு பெரிதாக இருக்கும்போது ஒரு முறை கழித்தாலே இலக்கங்களின் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது என்பது. 2009-இல் ஃப்ளோரியன் லூகாவும் ஆர். தங்கதுரையும் பிள்ளையின் சார்பை மீண்டும் எடுத்து, அதன் மேல்வரம்புகளையும், குறிப்பிட்ட எண்ணிக்கைத் துண்டுகள் தேவைப்படும் எண்கள் எவ்வளவு அடர்த்தியாக இருக்கின்றன என்பதையும் ஆராய்ந்தனர். எழுபத்தொன்பது ஆண்டு கழித்தும் அந்தச் சிதம்பரத்துக் கேள்வியில் வேலை மிச்சம் இருந்தது.

தோற்ற கேள்வி, வென்ற கேள்வி

பிள்ளையின் கேள்விகள் எல்லாம் அவர் எதிர்பார்த்த விடையைத் தந்துவிடவில்லை. அதே 1930-இல் இந்தியக் கணிதவியல் சங்க இதழில் அவர் ஒரு வினாவை வெளியிட்டார். ஓர் எண்ணின் காரணியப் பெருக்கத்தோடு ஒன்றைக் கூட்டுங்கள். அதன் பகாக் காரணிகள் எல்லாம், தொடங்கிய எண்ணால் வகுத்தால் ஒன்றே மீதி தருமா? 5! + 1 = 121 = 11 × 11; 11-ஐ 5-ஆல் வகுத்தால் மீதி 1. 6! + 1 = 721 = 7 × 103; இரண்டும் 6-ஆல் வகுக்க மீதி 1. 7! + 1 = 5041 = 71 × 71; அங்கும் அப்படியே. ஏழு வரை விதி நிற்கிறது. எட்டில் உடைகிறது: 8! + 1 = 40321 = 61 × 661; 61-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 5.

விதி பொய் என்று காட்டியவர் பிள்ளையின் நண்பர் சர்வதாமன் சௌலா. இருவரும் பல ஆண்டுகள் கடிதம் வழியே கணிதம் பேசியவர்கள். விதி பொய்த்தாலும் அதை உடைக்கும் பகா எண்கள் பிழைத்துக்கொண்டன. அவற்றுக்கு இன்று பிள்ளை பகா எண்கள் என்றே பெயர்: 23, 29, 59, 61, 67, 71 என்று தொடங்கும் பட்டியல். 23 சிறியது, நாமே சோதிக்கலாம். வில்சன் தேற்றப்படி 22! + 1 என்பது 23-ஆல் வகுபடும். 22, 21, 20, 19 ஆகியவை 23-ஐவிட முறையே 1, 2, 3, 4 குறைவு; 1 × 2 × 3 × 4 = 24, அதை 23-ஆல் வகுத்தால் மீதி 1. எனவே அந்த நான்கையும் நீக்கினாலும் வகுபடும் தன்மை மாறாது: 18! + 1-உம் 23-ஆல் வகுபடும். அடுத்த நான்கையும் அப்படியே நீக்கலாம்: 5 × 6 × 7 × 8 = 1680 = 23 × 73 + 1. ஆக 14! + 1-உம் வகுபடும். 22-ஐ 14-ஓ 18-ஓ வகுக்காது. விதி உடைந்தது. பிள்ளை பகா எண்களுக்கு முடிவில்லை என்பதை எர்டோஷ், எம்.வி. சுப்பாராவ் முதலியோர் பிற்பாடு நிறுவினர்.

அவருடைய பெருவெற்றி வாரிங் புதிர். 1770-இல் எட்வர்ட் வாரிங் விட்டுச்சென்ற கேள்வி அது: எந்த எண்ணையும் வர்க்கங்களின் கூட்டலாக எழுத நான்கு போதும் என்றால், கனங்களுக்கு எத்தனை, நான்காம் அடுக்குக்கு எத்தனை, ஆறாம் அடுக்குக்கு எத்தனை? 1930-களின் நடுவில் பிள்ளை சிதம்பரத்திலும், எல்.ஈ. டிக்சன் சிகாகோவிலும் ஒருவரையொருவர் சாராமல் உயர் அடுக்குகளுக்கான பொதுச் சூத்திரத்தை எட்டினர். சூத்திரத்துக்கு எளிதில் அடங்காத ஆறாம் அடுக்கை 1940-இல் பிள்ளை தனியே முடித்தார், விடை 73. அதற்குக் குறையாது என்பதைக் காட்ட 703 என்ற ஒரே எண் போதும். 3-இன் ஆறாம் அடுக்கு 729 என்பதால் அதைப் பயன்படுத்த முடியாது. 64-ஐப் பத்து முறையும் 1-ஐ அறுபத்து மூன்று முறையும் எடுத்தே ஆக வேண்டும். எந்த எண்ணுக்கும் 73 போதும் என்று காட்டுவதுதான் கடினம். பிள்ளை செய்தது அதை.

703-ஐயும் 1354-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே மனத்தின் வேலை தெரிகிறது. எண்களை ஒரு முறைப்படி துண்டாக்கு. மிக அதிகமாக அடம்பிடிக்கும் எண் எது என்று தேடு. வாரிங் புதிரில் அந்தத் தேடல் முடிவுக்கு வந்தது. பகா எண்களில் அது முடிவில்லாமல் நீள்கிறது.

1941-இல் பிள்ளை சிதம்பரத்தை விட்டுத் திருவிதாங்கூருக்கும், அடுத்த ஆண்டு கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்கும் சென்றார். 1950-இல் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்தின் அழைப்பு வந்தது; ஹார்வர்டில் நடக்கவிருந்த அகில உலகக் கணித மாநாட்டிலும் கலந்துகொள்ளப் புறப்பட்டார். ஆகஸ்ட் 31 அன்று அவர் சென்ற விமானம் கெய்ரோவிலிருந்து கிளம்பிய சற்று நேரத்தில் விழுந்தது. அதிலிருந்த 55 பேரும் இறந்தனர். பிள்ளைக்கு வயது 49.

அவருடைய ஆய்வுகள் முழுவதும் ஆர். பாலசுப்பிரமணியன், தங்கதுரை ஆகியோரைப் பதிப்பாசிரியர்களாகக் கொண்டு 2010-இல் இரண்டு தொகுதிகளாக வந்துவிட்டன. இராமானுஜன் பெயர் தெரியாத தமிழ் மாணவர் இல்லை; பிள்ளையின் பெயர் தெரிந்தவர் அருகிக் கிடக்கிறார்கள். பிள்ளையிடம் நுழைய இராமானுஜனைவிட எளிதான வாசல்கள் உண்டு. 1, 4, 27, 1354 என்ற நான்கு எண்களையும் கரும்பலகையில் ஒரே பாடவேளையில் வருவிக்கலாம். பெருக்கலும் கழித்தலும் போதும். ஐந்தாவது எண்ணை எழுதிக் காட்டி, ஆறாவது யாருக்கும் தெரியாது என்று சொல்லலாம். கணக்குப் பாடம் முடிந்துபோன ஒன்றல்ல என்பதை மாணவருக்குக் காட்ட இதைவிட நேரான வழி கிடைப்பது அரிது. சிதம்பரம் இன்று அடங்கியுள்ள கடலூர் மாவட்டத்துக் கணித ஆசிரியர்கள் அதைத் தொடங்கி வைக்கலாம். கேள்வி அவர்கள் மண்ணில் பிறந்தது.